புகை நின்ற வாரம்

ஜேபஸ் புதன்கிழமைக்குள் போய்விடுவார் என்று மிசஸ் பிக்கப் சொல்லியிருந்தாள். பாப்லர் தெருவில் பிள்ளைகளை வெளியே எடுப்பதும் போனவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்துவதும் அவள்தான். அதனால் இந்த விஷயத்தில் டாக்டர் சொல்வதை நாங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிற மாதிரி பேசுவார். மிசஸ் பிக்கப் கிழமை சொல்வாள்.

புதன் என்றதும் தெருவுக்கே நிம்மதி. புதன் போனால் வெள்ளி அடக்கம். சனிக்கிழமை காலை பிளாக்பூல் கடற்கரைக்கு வண்டி. எட்வர்டு ராஜா பட்டத்துக்கு வந்தும் மில் முதலாளிகள் எங்களுக்கு விட்டுவைத்திருந்தது ஆகஸ்டில் அந்த ஒரு வாரம்தான். சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது. அந்த வாரம் எங்கள் ஊர் ஹார்க்ளஃபில் எல்லா மில்லும் மூடும். கசாப்புக் கடை மூடும், ரொட்டிக் கடை மூடும். டாக்டர், போதகர், சவப்பெட்டி செய்கிறவர் எல்லாரும் கடலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் யாரும் அந்த வாரத்தில் சாவதில்லை.

ஜேபஸின் மருமகள் தர்ஸா கடலைப் பார்த்ததே இல்லை. ரயிலில் ஒரு காலைப்பொழுதுப் பயணம்தான். கல்யாணமான வருஷம் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். பிளாட்பாரத்தில் வலி கண்டு, மூத்தவன் காத்திருப்போர் அறையில் பிறந்தான். அடுத்தது கதவடைப்பு வருஷம். அதற்கடுத்து, பெட்டி கட்டி முடித்த அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கும் தாடை வீங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் போய்வந்தவர்கள் அவளை உட்காரவைத்துக் கடல் எப்படி இருந்தது என்று சொன்னார்கள். மிசஸ் பிக்கப் கையை அகல விரித்துக் காட்டுவாள். கொஞ்ச நாளில் தர்ஸாவுக்குக் கடல்மேல் இருந்த ஆசையும் அதைப் பார்த்தவர்கள்மேல் இருந்த எரிச்சலும் சம அளவுக்கு வந்துவிட்டன.

இந்த வருஷம் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகளின் தாடையைத் தினமும் தடவிப் பார்த்தாள். மாமனார் விஷயத்திலும் வேலைகளை முன்கூட்டியே முடித்தாள். எங்கள் வீடுகளில் மாடிப்படி குறுகல். சவப்பெட்டியை நிமிர்த்தித்தான் இறக்க வேண்டும், அது பார்க்க நன்றாக இருக்காது. அதனால் அவரை உயிரோடு இருக்கும்போதே கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். முன்னறை என்பது போதகர் வந்தால் உட்காரவும், வீட்டில் யாராவது செத்தால் கிடத்தவும் உள்ள அறை. ஜேபஸ் போதகர் இல்லை. மெத்தையில் படுத்ததும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஓஹோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்து, பன்றித்தொடை. அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வேகவைத்த தொடையைத் துண்டு போட்டு வைக்காவிட்டால் செத்தவருக்கு மரியாதை செய்ததாக எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கசாப்புக்காரன் கடையைச் சாத்துவதற்கு முன் தர்ஸா ஒரு முழுத் தொடை வாங்கி, துணி காய்ச்சும் செப்புக் கொப்பரையில் போட்டு வேகவைத்து, கீழே நிலவறைக் கல்மேல் வைத்தாள்.

புதன்கிழமை போனது. ஜேபஸ் போகவில்லை.

வியாழக்கிழமை காலை, மாமனாருக்காகத் தறிக்கு மாற்றாள் வைத்திருந்த தர்ஸா மண்டிபோட்டு வாசற்படியைத் தேய்கல்லால் வெளுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்படியில் மிசஸ் பிக்கப். எங்கள் தறிக்கூடத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. உதட்டை அசைத்துத்தான் பேசுவோம், உதட்டைப் பார்த்துத்தான் கேட்போம். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. ரகசியம் என்றால் நாங்கள் குரலைத் தாழ்த்துவதில்லை, குரலையே எடுத்துவிடுவோம். மற்ற ஊர்களில் அது ரகசியமாகவே இருந்திருக்கும்.

"புதன் தாண்டிடுச்சே?" என்றாள் தர்ஸா சத்தமில்லாமல்.

"இன்னைக்குச் சாயங்காலம் பாரு. மூக்கு கூராயிடுச்சு."

"நேத்தும் மூக்கைத்தான் சொன்னீங்க."

"நான் சொல்லித் தப்புனதே இல்ல. உங்க மாமனாரு பிடிவாதம் புடிச்சா அதுக்கு நான் என்ன பண்றது?"

"தொடைய வேற வேகவெச்சுட்டேன்."

"அது நல்லது. கல்லுமேல வை. ஈரத்துணி போட்டு மூடு."

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அது சாதாரண இருமல் இல்லை. பஞ்சு பிரிக்கிற அறையில் வாழ்நாள் முழுக்க நின்றவர்களுக்கு வருவது. ஆரம்பித்தால் ஆளை மடக்கிப் போட்டுவிட்டுத்தான் விடும். அது அடங்கியபின் ஜேபஸ் கூப்பிட்டார்.

"புள்ள."

"என்ன மாமா?"

"அந்தப் பொம்பளை என் மூக்கைப் பத்தி என்னமோ சொல்றாளே, ஜன்னல்ல தெரியுது."

தர்ஸா எழுந்து ஈரக்கையைத் துடைத்தாள். "அவங்களுக்கு வேற வேலை இல்ல."

"உன் பக்கம் தெரியல, முதுகுதான் தெரிஞ்சது. நீ என்ன சொன்னே?"

"காத்து நல்லா அடிக்குதுன்னேன்."

"காத்துக்கு எதுக்கு ஈரத்துணி?"

தர்ஸா வாளித் தண்ணீரைத் தெருவில் வீசினாள். வேண்டியதற்கு மேலேயே வீசினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் மூடியது. தர்ஸாவின் புருஷன் வில்ஃப் பாய்லருக்குக் கரி போடுகிறவன். தீயை அணைத்து, கரியைக் கழுவிவிட்டு, வருஷத்தில் ஒருமுறை தெரிகிற தன் சொந்த நிறத்தோடு வீட்டுக்கு வந்தான். ஜேபஸின் மகள் கெசையாவும் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கைக்குட்டையை எடுப்பாள், உட்காருவதற்கு முன்னாலேயே. அடுக்களையில் யோசனை நடந்தது.

"யாராவது ஒருத்தர் இருந்துதான் ஆகணும்," என்றாள் கெசையா. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆகணும்தான்," என்றான் வில்ஃப். மேஜையைப் பார்த்தான்.

"எனக்கு இருக்கணும்னு ஆசைதான். நரம்பு கேக்க மாட்டேங்குது. கடல்காத்து இல்லாட்டி இந்தக் குளிர்காலம் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டரு? அவரும் பிளாக்பூலுக்குத்தானே போறாரு?" என்றாள் தர்ஸா.

"அதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"வில்ஃப், நீ ஏதாச்சும் சொல்லு."

வில்ஃப் காதைச் சொறிந்தான். "பிள்ளைங்க கிட்ட கழுதை சவாரின்னு சொல்லிட்டேனே."

"நீயே போய்க் கழுதை மேல உக்காந்துக்க. நான் கேட்டது அது இல்ல. அவரு உங்கப்பாவா எங்கப்பாவா?"

"ஆம்பிளைக்கு என்ன தெரியும் தர்ஸா, மருந்து குடுக்கறது, முதுகு தேய்க்கறது..."

"பாய்லருக்கு வேளாவேளைக்குத் தீனி போடத் தெரியுதுல்ல?"

"அது இருமாது."

"அண்ணி," என்றாள் கெசையா, கைக்குட்டைக்குள்ளிருந்து. "அப்பாவுக்கு உங்க கைதான் புடிக்கும்."

வேலையைத் தள்ளிவிடுவதற்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. தர்ஸா தகரப் பெட்டியைத் திறந்தாள். தன் ஒரே வெள்ளைச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். அது இருந்த இடத்தில் வில்ஃபின் காலுறைகளை அடைத்து, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள்.

சனிக்கிழமை காலை பாப்லர் தெரு கிளம்பியது. எல்லாரும் ஒரே வண்டியில் போய், ஒரே வீதியில், ஒரே விடுதிக்காரியிடம் தங்குவார்கள். இங்கே வருஷம் முழுக்க யார் முகத்தைப் பார்த்து அலுத்தார்களோ, அதே முகத்தை அங்கே காலைச் சாப்பாட்டிலும் பார்ப்பார்கள். உருளைக்கிழங்கு, முட்டை, பன்றி உப்புக்கறி எல்லாம் பெட்டியிலேயே போகும். விடுதிக்காரி வேகவைத்துக் கொடுப்பாள். மிசஸ் பிக்கப் கடைசி ஆளாகப் பூட்டினாள். எதிர்வாசலில் நின்ற தர்ஸாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"நான் வர்றதுக்குள்ள ஆயிடுச்சுன்னா, தாடையைக் கட்டிடு. கண்ணுமேல காசு வெச்சுடு. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்."

ஜன்னலிலிருந்து ஜேபஸ் அவளுக்குக் கையாட்டி வழியனுப்பினார்.

பிறகு சத்தமே இல்லை. ஹார்க்ளஃபில் விடியுமுன் சங்கு ஊதும், பிறகு கல்பாவிய தெருவில் ஆயிரம் மரச்செருப்புகள், பிறகு தறி. சத்தம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று தர்ஸாவுக்குத் தெரியவில்லை. கோபத்தில் வெந்துகொண்டே தூங்கினாள். ஞாயிறும் கோபமாகவே கழிந்தது. ஜெபவீட்டில் பூட்டு தொங்கியதால் கடவுளிடம் முறையிடவும் வழியில்லை.

திங்கட்கிழமை துணி துவைத்துப் பின்சந்தில் கொடி கட்டினாள். மத்தியானம் எடுக்கப் போனபோது துணி வெள்ளையாக இருந்தது. போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே. அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். கரித்தூள் வரவில்லை. நிமிர்ந்தாள். சந்தின் முடிவில், கிடங்குச் சுவருக்கு மேலே, ஒரு மலை இருந்தது. பச்சையாக, ஆடுகள் உள்பட. முன்பு ஊரில் தங்கிப்போன வருஷங்களில் பிள்ளைப்பேறும் பட்டினியும் தாடைவீக்கமும் அவளை நிமிர்ந்து பார்க்க விட்டதில்லை. அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அங்கே மலை இருப்பதாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல ஊரில் ஆள் இருந்ததில்லை. மலை தெரிகிற வாரத்தில் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே வந்தபோது ஜேபஸ் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னமோ வாசனை வருது புள்ள. கீழேருந்து."

"ஒண்ணும் வரல."

"ரெண்டு நாளா வருது. முன்னெல்லாம் மூக்குல சளி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, தெரியல. இப்போ தெறந்துடுச்சு. கிராம்பு குத்தி வேகவெச்சிருக்கே."

"அது... வர்றவங்களுக்கு."

"யாரு வர்றாங்க?"

தர்ஸா துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எனக்காக வேகவெச்சது தானே?" என்றார் ஜேபஸ். "அப்போ நான்தான் திங்கணும். செத்த பிறகு குடுத்தா நான் வேணாம்னு சொல்லிடுவேன்."

"மாமா, அது உங்க அடக்கத்துக்கு வெச்சது. நீங்களே தின்னா நல்லாவா இருக்கும்?"

"ருசி பாத்தாத்தானே தெரியும் நல்லாயிருக்கா இல்லையான்னு."

ஒரு துண்டு மட்டும் என்று வெட்டினாள். ஜேபஸ் கடுகு கேட்டார். செவ்வாய்க்கிழமை இரண்டு துண்டு. எலி என்கிற பால்காரன், மாடுகள் விடுமுறை எடுக்காததால் ஊரில் எஞ்சியவன், வாசலில் பாலை ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "அட, இன்னும் இருக்கீங்களா?" என்றான். "உக்காரு எலி," என்றார் ஜேபஸ், "என் அடக்கத்துல ஒரு துண்டு சாப்பிட்டுப் போ." அவனும் சாப்பிட்டான். தொடை பிரமாதம், போனவருக்கு நல்ல மரியாதை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனான்.

தர்ஸா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். இருமல் குறைந்துவிட்டது. ராத்திரி சுவர் அதிரவில்லை. புதன்கிழமை அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, காலர் இல்லாத சட்டையோடு, ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி மூச்சு விட்டார். மூச்சு விடுவதையே ஒரு வேலையாக, அனுபவித்துச் செய்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின்மேலேயே கோபமும் வந்தது. இப்படி உட்கார்ந்து தொடை தின்கிற ஆளுக்காகவா வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தோம்?

வியாழக்கிழமை காலை ஜேபஸ் முகம் மழித்திருந்தார். காலரும் மாட்டியிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒன்பது மணிக்கு ஒரு வண்டி இருக்காம். எலி சொன்னான். அவனே வண்டியில ஸ்டேஷன்ல கொண்டுவிடறேங்கறான். நீ கடல் பாத்ததில்லல்ல?"

"நேரம் வரல."

"நான் பாத்திருக்கேன். பெருசா ஒண்ணுமில்ல. ஆனா பாக்காதவங்களுக்கு ரொம்பப் பெருசாத் தெரியும். வா, ஒரு தரம் பாத்துட்டு வந்துட்டா அந்தத் தொல்லை விட்டுரும்."

தர்ஸா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிக்கு ஓடினாள். வெள்ளைச் சட்டை, தொப்பி, தொப்பி ஊசி. ரொட்டிக்கு நடுவில் தொடை வைத்துக் கட்டினாள். எலியின் வண்டி வாசலுக்கு வந்து நின்றது. வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பிளாக்பூல் தெரிந்தது. அதாவது கடல் தெரியவில்லை. கடற்கரை நெடுக நாற்காலிகளில் பாப்லர் தெரு வரிசையாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கைக்குட்டையோடு கெசையா. கழுதைமேல் பிள்ளைகள். நடுவில் மிசஸ் பிக்கப். அத்தனை தலைகளும் திரும்புகின்றன. அத்தனை உதடுகளும் சத்தமில்லாமல் அசைகின்றன. சாகக் கிடந்த மனுஷனைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா பாரு, கடல் பாக்கணும்னு.

"மாமா, வேணாம்."

"என்ன வேணாம்?"

"தெருவே அங்கதான் இருக்கு. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. நான் நடக்கறதைப் பாத்தா அவங்களுக்கு என்ன, கண்ணு வலிக்குமா?"

"உங்களுக்குப் புரியாது. வழியில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கொன்னேன்பாங்க. ஒண்ணும் ஆகலைன்னா, எதுக்குடி நின்னேன்பாங்க. ரெண்டுல எதுன்னாலும் நான்தான்." ஊசியை உருவித் தொப்பியைக் கழற்றினாள். "அடுத்த வருஷம் போலாம்."

"அடுத்த வருஷம்னு சொல்ற வயசா எனக்கு?"

"அப்போ நீங்க போன வாரமே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

எலி குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு," என்றார் ஜேபஸ். "போன வாரமே போயிருந்தா நீ இப்போ அங்க இருந்திருப்பே. அதானே? நானும் நெனச்சேன். முயற்சியும் பண்ணுனேன் புள்ள. வரல."

தர்ஸா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எலி தனியாகத் திரும்பிப் போனான். கட்டிவைத்த ரொட்டியை ஜேபஸ் வாசலில் உட்கார்ந்து தின்றார், காலரைக் கழற்றாமலே.

சனிக்கிழமை பாப்லர் தெரு திரும்பி வந்தது. மூக்கு தோலுரிந்து, செருப்பில் மணலோடு, கையில் காசில்லாமல். கருப்புக் கையுறையை முன்ஜாக்கிரதையாகவே மாட்டிக்கொண்டு வந்த கெசையா, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள். மிசஸ் பிக்கப் கிட்டப் போய் அவர் மூக்கை உற்றுப் பார்த்தாள். தனிப்பட்ட முறையில் அவமானப்பட்டவள் மாதிரி வீட்டுக்குள் போய்விட்டாள்.

"அண்ணி," என்றாள் கெசையா. "இவரு நல்லா இருக்கறாருன்னா நீங்க வந்திருக்கலாமே?"

தர்ஸா அடுக்களைக்குப் போனாள். பிள்ளைகள் கடல் எப்படி இருந்தது என்று சொல்ல வந்தபோது தட்டைக் கழுவினாள்.

ஞாயிறு மத்தியானம் வில்ஃப் வேலைச் சட்டையை மாட்டினான். திங்கள் காலை எஞ்சின் ஓட வேண்டுமானால் ஞாயிறே பாய்லரைப் பற்றவைக்க வேண்டும். தர்ஸா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"வில்ஃப். இந்த வாரம் பூரா அவரு இருமல."

"நல்லதாச்சு."

"மருந்துனால இல்ல. மருந்த அவரு செடிக்கு ஊத்திட்டாரு. புகை இல்லாததால."

வில்ஃப் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான். வாசல் வழியாக அப்பாவின் முதுகு தெரிந்தது.

"அதுக்கு?"

"பத்தவைக்காதே."

அவன் சிரிக்கப் போனான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஊர்ல எத்தனை சிம்னி இருக்கு! என் ஒண்ணு நின்னா வானம் வெளுத்துடுமா?"

"ஒண்ணைக் குறையேன்."

"குறைச்சா நான்தான் குறைவேன். சிம்னி அங்கியேதான் நிக்கும். என் மண்வெட்டியைப் புடிக்க வெளிய ஆறு பேரு நிக்கறான்."

"அப்போ அவரை எங்கயாவது அனுப்பு. மலைக்கு அந்தப் பக்கம்."

"எந்த மலை?" என்றான் வில்ஃப்.

தர்ஸாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டும் வெளியே வராமல் நின்றன.

"என்னடா சண்டை?" என்று வாசலிலிருந்து ஜேபஸ் கேட்டார். "நேரமாச்சு, போ. கரியை ஒரேயடியாக் கொட்டாதே. போன வருஷம் நீ பத்தவெச்சப்ப கன்னங்கரேல்னு கக்குச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போடு."

"சரிப்பா," என்றான் வில்ஃப். அவரைத் தாண்டி நடந்தான். அவருடைய தோளைத் தொட வந்த கை பாதியில் நின்று, தொப்பியைச் சரிசெய்தது.

சாயங்காலம் ஊரின் முதல் புகை எழுந்தது. சன்னமாக, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட புகை. ஜேபஸ் அதைப் பார்த்து, "தேறிட்டான்," என்றார். அப்புறம் நாற்காலியை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை மலை இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி சுவர் அதிர்ந்தது. புதன்கிழமை போனார்.

"புதன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் மிசஸ் பிக்கப், தாடையைக் கட்டிக்கொண்டே. "எந்தப் புதன்னு யாரும் கேக்கல."

வேலைநாளை யாரும் இழக்காதபடி சனிக்கிழமை மத்தியானம் அடக்கம். திரும்பிவந்து முன்னறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது. தட்டில் தலைக்கறி இருந்தது. ஊரே கடலில் காசைத் தொலைத்துவிட்டு வந்ததால் கசாப்புக்காரன் அந்த வாரம் தொடை எதுவும் வாங்கிவைக்கவில்லை. கெசையா முள்கரண்டியால் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்கப்பாவைத் தலைக்கறி வெச்சா அடக்கம் பண்ணுனீங்க?" என்றாள். "தொடை வேகவெச்சீங்களே, அது எங்க?"

"அவரு சாப்பிட்டாரு," என்றாள் தர்ஸா.

கெசையா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, பேச வேண்டுமே என்பதற்காக, யாரோ கடல்தண்ணீர் இந்த வருஷம் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்று ஆரம்பித்தார்கள். அடக்கவீடு களைகட்டியது. அலை எவ்வளவு உயரம் என்பதில் இரண்டு பேருக்குத் தகராறு. மிசஸ் பிக்கப் கையை அகல விரித்தாள். நடுவில் கருப்பு உடுப்போடு, தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி தர்ஸா நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் மில்லில் தன் நாலு தறிக்கும் மறுபடியும் மாற்றாள் வைத்தாள்.

"எங்க போறே?" என்றான் வில்ஃப்.

"கடலுக்கு."

"துக்கத்துல இருக்கறப்பவா?"

"கூத்துப் பாக்கவா போறேன்? தண்ணி பாக்கப் போறேன். நம்ம தெரு அங்க இல்ல. எனக்கு அது போதும்."

அந்த வாரம் ரேவன்ஷாக்காரர்களின் விடுமுறை வாரம். பள்ளத்தாக்கில் எங்களுக்கு அடுத்த ஊர். அவர்களைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, முக்கியமாகக் கால்பந்து விஷயத்தில். ஆனால் அவர்களுக்குத் தர்ஸாவைத் தெரியாது. ரயிலில் அவளுடைய கருப்பு உடுப்பைப் பார்த்து எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தார்கள். குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிளாக்பூலில் இறங்கி, கூட்டம் போன திசையில் நடந்து, கடற்கரைச் சுவரைப் பிடித்து நின்று பார்த்தாள். மணல் இருந்தது. ஈரமாக, பழுப்பாக, வானம் தொடும்வரை மணல். கழுதைகள் இருந்தன. கடலைக் காணவில்லை.

நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் பக்கத்தில் நின்றான்.

"கடல் எங்கங்க?"

"வெளிய போயிருக்கு."

"எப்ப வரும்?"

"சாயங்காலம் ஆறுக்கு மேல ஆகும்."

"எனக்கு அஞ்சு மணிக்கு வண்டி."

"நான் சொல்லிப் பாக்கறேன்," என்றான் அவன். "வழக்கமாக் கேக்காது."

தூரத்தில், வானத்துக்கு அடியில், தகரத் துண்டு மாதிரி ஒரு கோடு மின்னியது. தர்ஸா படியில் இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றிச் செருப்புக்குள் திணித்தாள். அவற்றை ஒரு தூணோரம் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். நடக்க ஆரம்பித்தாள். மணல் குளிர்ந்தது. கழுதைகள் பின்னால் போயின, கூட்டம் பின்னால் போனது. கோடு கொஞ்சம் தடித்தது. சத்தம் கேட்டது, தறிக்கூடத்தை வெகுதூரத்திலிருந்து கேட்பதுபோல. உப்பு வாசனை வந்தது. நுரை தெரிந்தது. அவள் வேகமாக நடந்தாள், பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து அவளைப் பிடித்தார்கள்.

மூன்று ரேவன்ஷா ஆண்கள், ஒரு தடித்த அம்மாள். ஓடிவந்த ஓட்டத்தில் நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. "வேணாம்மா!" என்றான் ஒருவன். "எதுவா இருந்தாலும் வேணாம்மா!"

"விடுங்க. நான் கடல் பாக்கத்தான்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு," என்றாள் அந்த அம்மாள், அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. "செருப்ப ஜோடியாக் கழட்டி வெச்சுட்டுப் போனதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாரு, புருஷனா?"

"மாமனாரு."

அந்த அம்மாளுக்கு ஒரு கணம் குழப்பம் வந்தது. பிறகு இன்னும் இறுக்கினாள். "பாவம், எவ்வளவு பாசமா இருந்திருக்கே!"

தண்ணீர் இருபது அடி தள்ளி இருந்தது. ஓர் அலை கரைக்கு வந்து, மணலில் படர்ந்து, அவள் கால்வரை வர மனமில்லாமல் திரும்பிப் போவதைத் தர்ஸா அந்த அம்மாளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அவர்கள் அவளைத் திருப்பி, இரண்டு கையையும் பிடித்து, கரைக்கு நடத்திப் போனார்கள். நல்ல மனசுக்காரர்கள். தேநீர்க் கடையில் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, கடலைப் பார்த்தால் மறுபடியும் எண்ணம் வரும் என்று, முதுகுப் பக்கம் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவர்களைப் பற்றிச் சொன்னாள். தர்ஸா உதறிக்கொண்டு எழுந்தாள், உட்காரவைத்தார்கள். திட்டினாள், துக்கத்தில் அப்படித்தான் வரும் என்றார்கள். நாலரை மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து, வண்டியில் ஏற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

வண்டி நகரும்போது அந்தத் தடித்த அம்மாள் கண்ணாடியைத் தட்டினாள்.

"மனசு தேறுனப்புறம் அடுத்த வருஷம் வா கண்ணு," என்று கத்தினாள். "கடல் எங்க போயிடப் போவுது?"

தர்ஸா அப்போதுதான் அழுதாள். நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். மாமா என்று ஒரு சொல்லும் அதில் கேட்டது.

"அழுதுட்டா, இனிமே பயமில்ல," என்றாள் அந்த அம்மாள் மற்றவர்களிடம். பிறகு அவர்கள், தண்ணீர் ஏறி வருகிற நேரமாகிவிட்டதால், கரையில் இடம்பிடிக்க அவசரமாகத் திரும்பி நடந்தார்கள்.